சினை ஆட்டின் எதிர்ப்பு சக்தி எங்கேயும் போய்விடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் கர்ப்பிணிகளுக்கான கேள்வி பதில் பகுதியை வாசித்தேன். வயிற்றில் வளரும் பிள்ளையில் பாதி தகப்பன் வழி வந்தது, அதாவது தாயின் உடம்புக்கு அது அந்நியம், அப்படியிருந்தும் உடம்பு ஏன் அதை வெளியே தள்ளுவதில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அருமையான கேள்வி. அந்த மாதங்களில் தாயின் எதிர்ப்பு சக்தி அணைந்துபோய்விடுகிறது என்று அதற்குப் பதில் வந்திருந்தது. ஆன்டிபாடி என்று டாக்டர்கள் சொல்லும் எதிர்ப்பொருள்கள் எல்லாப் பாலூட்டிகளிலும் நஞ்சுக்கொடி வழியாகவே குட்டிக்குப் போய்விடும் என்று கூடவே இன்னொரு வரியும் இருந்தது. இரண்டுமே தவறு. இரண்டாவது வரி தவறு என்பதை எங்கள் பட்டியில் குட்டிகள் செத்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம், அதனால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

முதல் வரியால் வந்த வினையைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஐந்து மாத கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள். திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்தைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், எதிர்ப்பு சக்தியே இல்லாத நேரத்துல ரணஜன்னி ஊசி போட்டா உடம்பு தாங்குமா? ஊசி வேலைதான் செய்யுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை. உங்கள் பதிலை நம்பினால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும்.

நான் ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். மேச்சேரி செம்மறிகளோடு வளர்ந்து, பிறகு விலங்கியல் படித்து, இருபத்திரண்டு வருஷமாக மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இந்த விஷயத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது மனிதரிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன், செம்மறியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். காரணம், தாயும் கருவும் ஒருவரையொருவர் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதில் நாம் தெரிந்துகொண்ட பலவும் ஆடு மாடுகளிடமிருந்து வந்தவைதான்.

ஆடு குட்டி போட்டு நஞ்சு, அதாவது அந்த நஞ்சுக்கொடி, விழும்போது அதைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மனிதக் கொடி ஒரே தட்டு மாதிரி இருக்கும். செம்மறியின் கொடி அப்படியில்லை. மெல்லிய சவ்வு, அதில் அங்கங்கே கருஞ்சிவப்பாகப் பொத்தான் பொத்தானாக ஒட்டிக்கொண்டிருக்கும். எழுபதிலிருந்து நூறு வரை இருக்கும். சின்னப் பிள்ளையில் அவற்றை எண்ணிப் பார்த்து எண்ணிக்கை தவறி மறுபடி எண்ணியிருக்கிறேன். தாயின் கருப்பைச் சுவரில் இருக்கும் குமிழ் ஒவ்வொன்றோடும் குட்டியின் சவ்வு போய்ப் பொருந்துகிற இடம்தான் ஒவ்வொரு பொத்தானும். அந்த இடத்தில் தாயின் ரத்தமும் குட்டியின் ரத்தமும் கலப்பதில்லை. மனிதரில் கொடியின் விழுதுகள் தாயின் ரத்தத்திலேயே நேராக முங்கிக் கிடக்கின்றன. செம்மறியிலோ தாயின் ரத்தக்குழாய்ச் சுவர், அதைச் சுற்றிய திசு, கருப்பையின் மேல்தோலும் குட்டியின் சில செல்களும் இணைந்து உண்டான படலம், அப்புறம் குட்டியின் வெளிச்செல் அடுக்கு, அதன் திசு, அதன் ரத்தக்குழாய்ச் சுவர் என்று நடுவில் இத்தனை நிற்கின்றன. உணவும் ஆக்சிஜனும் கடந்துவிடும். தாயின் எதிர்ப்பொருள்கள் கடக்காது. மனிதக் கொடியில் ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருளைப் பிடித்துச் சுமந்து பிள்ளையின் ரத்தத்தில் கொண்டுபோய் விடுவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அதனால் நிறைமாதப் பிள்ளையின் ரத்தத்தில் அந்த வகை தாயிடம் இருப்பதைவிடக் கூடுதலாகக்கூட இருப்பதுண்டு. செம்மறியின் கொடியில் அந்தப் போக்குவரத்து கிடையாது. செம்மறிக் குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அநேகமாக இல்லவே இல்லை.

சரி, தள்ளாமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். இதை முதலில் தெளிவாகக் கேட்டவர் இங்கிலாந்தின் பீட்டர் மெடாவர். இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்கு இன்னொருவர் தோலை ஒட்டினால் ஏன் நிற்பதில்லை என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். ஒரு விரற்கடைத் தோலையே ஏற்காத உடம்பு, முழுப் பிள்ளையை மாதக்கணக்கில் எப்படிச் சுமக்கிறது? 1953இல் அவர் மூன்று யூகங்களை வைத்தார். நடுவில் வேலி இருக்கலாம். கருவுக்கு இன்னும் அடையாளம் முதிராததால் தாய்க்கு அது அந்நியம் என்று தெரியாமல் இருக்கலாம். இல்லாவிட்டால் தாயின் எதிர்ப்பு சக்தி மந்தமாகிவிடலாம். உங்கள் இணைப்பிதழ் சொன்னது இந்த மூன்றாவது யூகத்தைத்தான். எழுபது வருஷத்துக்கு முன்னால் யூகமாக வைத்ததை, ஆராய்ந்து பார்த்து ஒதுக்கிய பிறகும், நீங்கள் விடையாகப் போட்டுவிட்டீர்கள்.

மெடாவர் இந்தப் பாதைக்கு வந்ததிலேயே மாடுகளுக்குப் பங்கு உண்டு. காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பெரும்பாலும் சினைபிடிக்காது என்று மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு கன்றுகளின் கொடிகளும் ஒட்டி ரத்தம் கலந்துவிடுவதால் வரும் வினை அது. 1945இல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் ரே ஓவன் என்பவர் அப்படிப்பட்ட இரட்டைக் கன்றுகளின் ரத்தத்தைச் சோதித்தார். ஒவ்வொன்றின் உடம்பிலும் மற்றதன் ரத்த செல்களும் வளர்ந்த பிறகுகூட நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தன. கருவில் இருக்கும்போதே சந்தித்த அந்நியத்தை உடம்பு தன்னுடையதாகவே கற்றுக்கொள்கிறது என்ற அறிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. மெடாவருக்கும் ஆஸ்திரேலியாவின் பர்னெட்டுக்கும் 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓவனுக்குக் கிடைக்கவில்லை, அது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

இப்போது அந்த மூன்று யூகங்களையும் செம்மறியிடம் கொண்டுபோய்க் கேட்டால் என்ன பதில் வருகிறது பாருங்கள்.

கரு முதிராதது என்பது நிற்கவில்லை. 1953இலேயே ஆஸ்திரேலியாவில் ஷிங்கல், ஃபெர்குசன் என்ற இருவர் தாயின் வயிற்றில் இருக்கும் செம்மறிக் கருவுக்கே வேறு ஆட்டின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். கரு அதைத் தள்ளியது. பிறகு 1960களில் சில்வர்ஸ்டைனும் அவர் குழுவும் செய்த ஆய்வில், சினையான 77ஆம் நாள் வாக்கிலேயே கருவுக்கு இந்தத் திறமை வந்துவிடுகிறது என்று தெரிந்தது. செம்மறியின் சினைக்காலம் 147லிருந்து 150 நாள் வரை, அதில் பாதியிலேயே. பிறக்கும்போது ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை என்றால் செய்யத் தெரியாது என்று அர்த்தமில்லை. உள்ளே சுத்தமான இடத்தில் இருக்கிறது, செய்யவேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

தாய் மந்தமாகிவிடுகிறாள் என்பது அதைவிடத் தெளிவாக விழுந்துபோனது. பல முறை ஈன்ற செம்மறிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பலவற்றில் கிடாவின் வெள்ளையணு அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கும். அதாவது சினையாக இருந்தபோது தாய் அந்த அந்நியத்தைக் கண்டுகொண்டிருக்கிறாள், அடையாளம் பிடித்திருக்கிறாள், அதற்கெதிரான ஆயுதத்தையும் செய்து வைத்திருக்கிறாள். அணைந்துபோன விளக்கு இதையெல்லாம் செய்யாது. மனிதரிலும் இதே கதைதான். 1958இல் அமெரிக்காவின் ரோஸ் பெயின், நெதர்லாந்தின் யான் வான் ரூட் இருவரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். பல பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தத்தில் கணவரின் வெள்ளையணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. உறுப்பு மாற்று சிகிச்சைக்கு முன்னால் ஒருவருக்கொருவர் பொருந்துமா என்று பார்க்க ஆய்வகங்கள் வெகுகாலம் பயன்படுத்தியது அந்தத் தாய்மாரின் ரத்தத்தில் இருந்து எடுத்த சீரம் என்ற தெளிநீரைத்தான். செம்மறி, மாடுகளில் இந்த அடையாளங்களை வகைப்படுத்தியதும் ஈன்ற ஆடு மாடுகளின் சீரத்தை வைத்தே. மருத்துவத்துக்கு அந்தத் தாய்மார்கள் கொடுத்த இந்தக் கொடையைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரி இருக்கக்கூடாதா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அப்படியானால் ஆயுதம் கையில் இருந்தும் கருவுக்கு ஒன்றும் ஆகாதது ஏன்? ஒரே விடை கிடையாது, பல ஏற்பாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. செம்மறியில் எதிர்ப்பொருள் கொடியைத் தாண்டாது என்று சொன்னேனே, அது ஒன்று. மெடாவரின் முதல் யூகம் இந்த அளவுக்குச் சரி. ஆனால் வேலி மட்டும் போதாது, ஏனென்றால் கொடியின் வெளிச்செல்களே குட்டியின் செல்கள்தான், அவை தாயின் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் தான் யார் என்று காட்டும் ஓர் அடையாளச் சீட்டை மேலே வைத்திருக்கும், தோல் ஒட்டு தள்ளப்படுவதே அந்தச் சீட்டைப் பார்த்துத்தான். பொத்தான்களில் தாயைத் தொடும் குட்டியின் செல்கள் அந்தச் சீட்டைக் காட்டுவதே இல்லை.

அதற்கும் முன்பே, சினை நிற்குமா நிற்காதா என்று முடிவாகும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். செம்மறியின் கரு அப்போது கருப்பையில் ஒட்டிக்கூட இருக்காது, உருண்டையாக இருந்தது சில நாட்களுக்குள் நூல் மாதிரி நீண்டுவிடும். அந்த நூலிலிருந்து ஒரு புரதம் தாயின் கருப்பைச் சுவருக்குப் போகிறது. கருப்பை அதைப் பெறவில்லையென்றால் இந்த முறை சினை இல்லை என்று எடுத்துக்கொண்டு, சினைப்பையில் சினையைக் காக்கும் புரோஜெஸ்ட்ரோனைச் சுரந்துகொண்டிருக்கும் திரட்சியைக் கரைத்துவிடும், ஆடு மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். பெற்றுவிட்டால் கரைக்காது, சினை நிற்கும். 1987இல் அந்தப் புரதத்தின் அமைப்பைப் படித்துப் பார்த்தபோது அது இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் தாக்கும்போது செல்கள் ஒன்றையொன்று எச்சரிக்கப் பயன்படுத்தும் பொருள். ஆக, நான் இங்கே இருக்கிறேன் என்று குட்டி தாயிடம் சொல்லும் முதல் வார்த்தையே எதிர்ப்பு சக்தியின் மொழியில்தான் இருக்கிறது. கேட்பவள் காது கேளாதவளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு என்ன பயன்?

புரோஜெஸ்ட்ரோன் என்ன செய்கிறது என்பதற்கும் செம்மறியில் ஒரு நல்ல சோதனை உண்டு. 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் செம்மறிகளின் கருப்பைக்குள் வேறு ஆட்டின் தோலை வைத்துப் பார்த்தார்கள். சும்மா விட்ட ஆடுகளில் கருப்பை தோலைத் தள்ளிவிட்டது. வெகுநாள் புரோஜெஸ்ட்ரோன் கொடுத்த ஆடுகளில் அது தங்கியது. அந்த ஹார்மோனின் தூண்டுதலால் செம்மறியின் கருப்பைச் சுரப்பிகள் ஒரு புரதத்தைக் கொட்டுகின்றன, அது அந்த இடத்திலேயே வெள்ளையணுக்கள் பெருகுவதை அடக்குகிறது. அந்த இடத்திலேயே என்பதை மறுபடி சொல்கிறேன். அதே சினை ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டால் அதன் உடம்பு எதிர்ப்பொருள் செய்யும், காயம் பட்டால் சீழ் கட்டி ஆறும். கருப்பைக்குள் குரலைத் தாழ்த்திப் பேசும் உடம்பு, வெளியே வழக்கம்போலக் காவல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

எந்த செல்கள் தாயை நேரில் சந்திக்கின்றன என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்த ஒரு சோதனை காட்டியது. செம்மறியையும் வெள்ளாட்டையும் இணைத்தால் கரு தரித்தாலும் அநேகமாகப் பாதியில் அழிந்துபோகும். ஓர் இனத்தின் கருவை மற்ற இனத்தின் கருப்பையில் வைத்தாலும் அதே கதி. 1984இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் ஜெர்மனியிலும் இரு குழுக்கள் ஆரம்ப நிலையில் இருக்கும் இரண்டு இனத்துக் கருச்செல்களையும் கலந்து ஒரே கருவாக்கினார்கள். உடம்பில் திட்டுத்திட்டாகச் செம்மறிக் கம்பளியும் வெள்ளாட்டு மயிரும் கொண்ட குட்டிகள் பிறந்தன. அதைவிட முக்கியம், கொடியாகப் போகும் வெளிச்செல்கள் சுமக்கும் தாயின் இனமாக இருந்தால், உள்ளே இருக்கும் கரு அடுத்த இனமாக இருந்தாலும் தாய் அதைச் சுமந்துவிடுகிறாள். அவள் பார்ப்பது கொடியை. கொடி நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால், அது கூட்டிவரும் விருந்தாளியை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

மனிதரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேட்டவர் ஒரு பெண் அல்லவா. 2025இல் மருத்துவ நோபல் பெற்ற மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவரின் பெயரும் உங்கள் பத்திரிகை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவர்களுக்குப் பரிசு வாங்கித் தந்தது டி செல் என்ற வெள்ளையணுக்களில், எதிர்ப்பு சக்தியையே மட்டுப்படுத்திக் காக்கும் ஒரு வகை. கர்ப்பத்தில் இந்த செல்கள் தாயிடம் பெருகுகின்றன. 2004இல் சுண்டெலிகளில் அவற்றை நீக்கிப் பார்த்தபோது, தந்தை வேறு வம்சமாக இருந்த கருக்கள் தங்கவில்லை. அப்பா அம்மா இருவரும் ஒரே வம்சமாக இருந்த கருக்கள் தங்கிவிட்டன. ஆகவே பொறுத்துக்கொள்வது என்பதே எதிர்ப்பு சக்தி செய்யும் ஒரு வேலை, சுறுசுறுப்பான வேலை. சக்தி இல்லாமல் போனதால் நடப்பதில்லை அது.

அணைந்துபோவதில்லை என்பதற்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே சாட்சி வேண்டுமென்றால் ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் உள்ள தாய்மாரைப் பாருங்கள். பிள்ளை பாசிட்டிவ்வாக இருந்து, பிரசவத்தில் அதன் ரத்தம் சிறிது தாயிடம் கலந்துவிட்டால் அவள் உடம்பு அதற்கெதிராக எதிர்ப்பொருள் செய்துவிடும். அடுத்த கர்ப்பத்தில் அந்த ஐஜிஜி கொடியைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் சிவப்பணுக்களை அழிக்கும். இதைத் தடுக்க 1968 முதல் புழக்கத்தில் உள்ள ஆன்டி-டி ஊசி வருவதற்கு முன்னால் எத்தனை வீடுகளில் இரண்டாவது பிள்ளையும் மூன்றாவது பிள்ளையும் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன! செம்மறியில் கர்ப்பத்துக்குள் இந்த ஆபத்து கிடையாது, கொடி விடாது. அதே கொடி நல்ல எதிர்ப்பொருளையும் விடாது என்பதுதான் அதற்கு ஆடு கொடுக்கும் விலை.

அந்த விலையை எங்கள் பட்டி கொடுத்ததைச் சொல்கிறேன். நான் சின்னவளாக இருந்தபோது, நஞ்சு விழும்வரை குட்டியைப் பால் குடிக்க விடக்கூடாது என்பது வீட்டு வழக்கம். சீம்பால் மந்தம், குடித்தால் கழியும் என்பார்கள். ஒரு மாசியில், விடியற்காலையில் இரட்டைக் குட்டி போட்டது ஒரு பெட்டை. நஞ்சு விழவே இல்லை, மத்தியானம் ஆகிவிட்டது. குட்டிகளை மடியில் விடவில்லை. எங்கள் பாட்டி பாவம், அக்கறையாகத்தான் காவல் உட்கார்ந்திருந்தார். இரண்டு குட்டிகளும் நாலாம் நாளுக்குள் கழிந்து கழிந்து செத்துப்போயின. சீம்பால் குடித்துக் கழியவில்லை, குடிக்காமல் கழிந்தன. இது எனக்குப் புரிந்தது கல்லூரிக்குப் போன பிறகு.

சினையின் கடைசி வாரங்களில் தாய் ஆடு தன் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜியை மடிக்கு இறக்க ஆரம்பிக்கிறது. கொடி வழியாகக் கொடுக்க முடியாததையெல்லாம் சீம்பாலில் திரட்டி வைக்கிறது. குட்டியின் குடல் பிறந்த முதல் சில மணி நேரத்துக்கு அந்தப் பெரிய புரதத்தை உடைக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விட்டுக்கொள்ளும். நேரம் ஆக ஆகக் கதவு சாத்திக்கொண்டே வரும், ஒரு நாள் முடிவதற்குள் மூடிவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அது வெறும் பால்தான். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லி என்பது கணக்கு. நம் ஊர்ச் செம்மறிக் குட்டி இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும், ஆகவே நூறு மில்லிக்குக் கொஞ்சம் கூட. நஞ்சு விழுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் குட்டி முட்டிக் குடிப்பதே கருப்பை சுருங்கி நஞ்சு விழ உதவும்.

எதிர்ப்பொருள் எல்லாப் பாலூட்டிகளிலும் கொடி வழியாகப் போய்விடும் என்று நீங்கள் போட்ட வரியை ஓர் ஆட்டுக்காரர் நம்பினால் என்ன ஆகும்? குட்டிக்கு வேண்டியது உள்ளேயே வந்துவிட்டது, சீம்பால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைப்பார். அதனால்தான் இதைச் சின்னப் பிழை என்று என்னால் விட முடியவில்லை.

துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியைக் குட்டி போடுவதற்கு ஒரு மாதம் முன்னால் சினை ஆட்டுக்குப் போடச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். தாய் அந்த ஊசிக்கு எதிர்ப்பொருள் செய்யும், அது மடிக்கு இறங்கும், குட்டிக்குச் சீம்பாலில் போகும். சினை ஆட்டின் எதிர்ப்பு சக்தி அணைந்திருந்தால் இந்த ஊசிக்கு ஒரு வேலையும் இல்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்குப் போடும் ரணஜன்னி ஊசியும் அப்படியே, போகும் வழி மட்டும் வேறு, அங்கே கொடி வழி. பிறந்த பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த ரணஜன்னியை நாடு கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது என்று 2015இல் அறிவிக்க முடிந்ததில் சுத்தமான பிரசவத்தோடு இந்த ஊசிக்கும் பெரும் பங்கு உண்டு. கோடிக்கணக்கான கர்ப்பிணிகளின் உடம்பு அந்த ஊசிக்குப் பதில் சொன்னதால் வந்தது அது. மனிதப் பிள்ளைக்குச் சீம்பால் வேண்டாம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடி கொடுப்பது ரத்தத்துக்கு, சீம்பால் கொடுக்கும் இன்னொரு வகை எதிர்ப்பொருள் குடலுக்குக் காவல். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்கச் சொல்வது காரணத்தோடுதான்.

உங்கள் பதிலில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கர்ப்ப காலத்தில் சில நோய்கள் கடுமையாகத் தாக்கும், ஃப்ளூ அதில் ஒன்று. கருப்பைக்குள் குரல் தாழ்ந்திருக்கும் அந்த இடத்தைத் தேடிப்போகும் கிருமிகளும் உண்டு. செம்மறிகளில் கருச்சிதைவு உண்டாக்கும் கிளமிடியா கிருமி சினை இல்லாத காலத்தில் ஆட்டின் உடம்பில் இருக்கும் தடமே தெரியாமல் பதுங்கியிருக்கும். ஆடு சினையாகி மூன்று மாதம் ஆகும் வாக்கில் கொடியில் போய்ப் பெருகி, கடைசி வாரங்களில் குட்டியைச் சிதைத்துவிடும். ஸ்காட்லாந்தில் மோர்டன் ஆய்வு நிறுவனத்தில் இதைப் பல வருஷமாக ஆராய்ந்துவருகிறார்கள். பிரிட்டனில் ஒவ்வொரு வருஷமும் குட்டி ஈனும் பருவத்தில் கர்ப்பிணிப் பெண்கள் ஈனும் ஆடுகளின் பக்கமே போக வேண்டாம் என்று அரசே எச்சரிக்கிறது, அந்தக் கிருமி மனிதக் கொடிக்கும் வரும் என்பதால். டாக்ஸோபிளாஸ்மா, புரூசெல்லா, கியூ காய்ச்சல் கிருமி எல்லாம் ஆட்டின் நஞ்சில் மொய்த்துக் கிடக்கக்கூடியவை. 2007லிருந்து 2010 வரை நெதர்லாந்தில் வெள்ளாட்டுப் பண்ணைகளிலிருந்து பரவிய கியூ காய்ச்சல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படுக்க வைத்தது.

நம் ஊரில் ஈனும் ஆட்டுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். வெறும் கையால் குட்டியை இழுத்து, வெறும் கையால் நஞ்சை அள்ளி வேலி ஓரம் எறிவோம், நாய் இழுத்துக்கொண்டு போகும். நானும் செய்திருக்கிறேன். முழுகாமல் இருக்கும் பெண் அந்த வேலையைச் செய்யக்கூடாது, மற்றவர்கள் கையுறை போட்டு, நஞ்சை ஆழமாகப் புதைக்க வேண்டும். எதிர்ப்பு சக்தி இல்லை என்று பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்தியதற்குப் பதிலாக, உங்கள் பகுதியில் இந்த ஒரு விஷயத்தை எழுதியிருந்தால் ஆடு வளர்க்கும் வீடுகளில் ஒரு உயிராவது பிழைக்கும்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த ஞாயிறு இணைப்பிதழில், அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி அணைவதில்லை, கருப்பைக்குள் அது நடந்துகொள்ளும் விதம்தான் மாறுகிறது என்று போடுங்கள். ஆடு மாடுகளில் எதிர்ப்பொருள் கொடி வழியாகப் போவதில்லை, சீம்பால் வழியாகத்தான் போகிறது, நஞ்சு விழக் காத்திருக்காமல் உடனே ஊட்டவேண்டும் என்று அதற்குக் கீழேயே போடுங்கள். உள்பக்கத்து மூலையில் நாலு வரியாகப் போட்டால் என்னிடம் வந்த பெண்ணைப் போன்றவர்கள் கண்ணில் அது படாது. அவளுக்கு வியாழக்கிழமை ஊசி. நான்தான் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் வீட்டைச் சேர்ந்த ஒரு விலங்கியல் ஆசிரியை,
சேலம் மாவட்டம்.